கிளைகளைச் சேர்ப்பது எப்படி: ஒரு டிபன் கடை மெனுவும் கிட்டும்

கோடில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கருவி கிட். அதில் கிளை பிரிக்க, அதாவது தனியாக வேலை செய்ய ஒரு பாதை போட, ஒரு நொடி போதும். பிரித்ததைத் திரும்பச் சேர்க்கும்போதுதான் புதிதாக வந்தவர்களுக்குக் கை நடுங்குகிறது. எனக்கும் நடுங்கியது. முதல் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மெர்ஜ் செய்யப் போனால், அதாவது கிளைகளைச் சேர்க்கப் போனால், ஏழெட்டு இடத்தில் மோதல். எடிட்டரில் 'வருவதை ஏற்றுக்கொள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. எல்லா இடத்திலும் அதையே அழுத்தினேன். சிவப்பெல்லாம் மறைந்தது, நானும் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டேன். மறுநாள் காலையில் பக்கத்து இருக்கைக்காரர், மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, பழைய கமிட்டில் (கிட்டில் சேமித்து வைத்த நிலைக்கு அதுதான் பெயர்) அது பத்திரமாக இருந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டேன். கட்டளைகள் எல்லாம் எனக்கு அன்றே மனப்பாடம். கிட் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது என்பது மட்டும்தான் தெரியாது. அது தெரியாமல் மெர்ஜ் செய்வது, கணக்கு தெரியாமல் கல்லாவில் உட்காருவது மாதிரி.

கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். கிட்டை நிறுவி, நாலைந்து கமிட் போட்டுப் பார்த்தவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பழகிப் பார்க்க ஒரு கடை

அலுவலகக் கோடில் பழக வேண்டாம். காலியாக ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் போய் இதைத் தட்டுங்கள்:

கிட் இனிட் -பி மெயின்

'-பி மெயின்' என்பது முதல் கிளைக்கு மெயின் என்று பெயர் வைக்கிறது. இது 2020-இல் வந்த 2.28 பதிப்பிலிருந்துதான் வேலை செய்யும். பழைய திட்டங்களில் அந்தக் கிளைக்கு மாஸ்டர் என்று பெயர் இருக்கும். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

ஃபைலுக்கும் கிளைக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், கிட் மறுக்காது. ஆனால் ஃபைல் பெயரைத் திரையில் காட்டும்போது மட்டும் \340\256 என்று தொடங்கி எண்களாகக் கொட்டும். அதைப் பார்த்து ஃபைல் கெட்டுப்போயிற்று என்று நினைத்தவர்கள் உண்டு. ஒன்றும் கெடவில்லை, ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை அது அப்படிக் காட்டும் வழக்கம். இதை ஒருமுறை தட்டிவிட்டால் தீர்ந்தது:

கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ்

இப்போது 'மெனு' என்று ஒரு ஃபைல்:

இட்லி 2 – 20
தோசை – 40
பொங்கல் – 45
மெதுவடை – 12
காபி – 18

கிட் ஆட் .
கிட் கமிட் -எம் "முதல் மெனு"

கடைக்காரர் மாலையிலும் கடை திறக்கப் போகிறார். அதற்கான மாற்றங்களைத் தனிக் கிளையில் செய்வோம்:

கிட் சுவிட்ச் -சி மாலை-மெனு

(பழைய குறிப்புகளில் 'கிட் செக்கவுட் -பி' என்று இருக்கும். சுவிட்ச் 2019-இல் 2.23 பதிப்பில் வந்தது. இரண்டும் இங்கே ஒரே வேலையைத்தான் செய்யும். செக்கவுட் ஒரே பெயரில் பத்து வேலை பார்ப்பதால் புதியவர்களுக்கு சுவிட்சையே சொல்வேன்.)

இந்தக் கிளையில் கடைசி வரியை 'ஃபில்டர் காபி – 18' என்று மாற்றுங்கள். அதன் கீழே 'பஜ்ஜி – 15', 'சுண்டல் – 25' என்று இரண்டு வரி சேருங்கள். கூடவே 'காம்போ' என்று ஒரு புது ஃபைல் போட்டு, அதில் 'இட்லி 2 + காபி – 35' என்று எழுதுங்கள். தனித்தனியாக வாங்கினால் 38 ரூபாய்; மூன்று ரூபாய் குறைத்துத் தருகிறார். கிட் ஆட், கிட் கமிட் இரண்டையும் முடித்துவிடுங்கள். காம்போ ஃபைலை மறந்துவிடாதீர்கள், பிறகு அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

அப்புறம் 'கிட் சுவிட்ச் மெயின்' என்று பழைய இடத்துக்குத் திரும்புங்கள். மெனுவைத் திறந்தால் பஜ்ஜியும் சுண்டலும் இருக்காது. போய்விடவில்லை, நீங்கள் வேறு கிளையில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். இதற்கிடையில் பால் விலையும் அரிசி விலையும் ஏறிவிட்டன. இட்லியை 24 ஆக்குங்கள், காபியை 20 ஆக்குங்கள். கமிட் செய்யுங்கள்.

இப்போது இரண்டு கிளையும் ஆளுக்கொரு திசையில் போயிருக்கின்றன.

கிட் பார்ப்பது மூன்று பிரதிகளை

இரண்டு கிளைகளைச் சேர்க்கச் சொன்னால், கிட் அந்த இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படிப் பார்த்தால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஒரு பிரதியில் இட்லி 24, இன்னொன்றில் 20. எது புதியது? மாலைக் கிளைக்காரர் 24-ஐ 20 ஆகக் குறைத்தாரா, மெயின்காரர் 20-ஐ 24 ஆக ஏற்றினாரா? இரண்டு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

அதனால் கிட் மூன்றாவதாக ஒன்றைத் தேடி எடுக்கிறது: இரண்டு கிளைகளும் பிரிந்த இடத்தில் இருந்த பிரதி. நம் கடையில் அது 'முதல் மெனு' கமிட். அதில் இட்லி 20. மாலைக் கிளையிலும் 20, அதாவது அவர் தொடவே இல்லை. மெயினில் 24, அதாவது இங்கே மாறியிருக்கிறது. ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் அந்த மாற்றம் நிற்கும். ஆகவே 24. யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தப் பொது மூதாதைக் கமிட் எது என்று நீங்களும் பார்க்கலாம்:

கிட் மெர்ஜ்-பேஸ் மெயின் மாலை-மெனு

இருவரும் ஒரே இடத்தை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால்தான் கிட் கையை விரிக்கும். அதுதான் மோதல். ஒட்டினாற்போல் உள்ள வரிகளும் இதில் அடக்கம்: நான் 3-ஆம் வரியையும் நீங்கள் 4-ஆம் வரியையும் மாற்றியிருந்தாலும், நடுவில் மாறாத வரி ஒன்றுகூட இல்லாததால் கிட் மோதல் என்றே சொல்லும்.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. கிளை பிரிந்து எவ்வளவு காலம் ஆகிறதோ அவ்வளவு தூரம் அந்த மூதாதை பின்னால் போய்விடும். இரண்டு நாள் கிளையில் இரண்டு மோதல் வரலாம். மூன்று மாதக் கிளையைச் சேர்ப்பவருக்கு ஒரு வாரம் போய்விடும். தினமும் காலையில் மெயினை உங்கள் கிளைக்குள் ஒருமுறை மெர்ஜ் செய்துகொள்ளுங்கள். மூதாதை முன்னுக்கு நகர்ந்து வந்துவிடும், மோதலும் சில்லறையாக வந்து தீரும்.

ஒரு காலத்தில் இந்த மூதாதைக் கணக்கை மனிதர்களே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிட்டைப் போன்ற பழைய கருவியான சப்வெர்ஷனில் எது ஏற்கெனவே சேர்க்கப்பட்டது என்பதைக் கருவியே நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி 2008-இல் 1.5 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் கமிட் செய்தியில் எண்களைக் குறித்து வைத்துச் சேர்த்தார்கள். கிட் பிறந்த வீடோ வேறு. 2005 ஏப்ரலில், லினக்ஸின் உட்கருவான கெர்னலை எழுதும் குழு அதுவரை பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் என்ற கருவிக்கான இலவச அனுமதி நின்றுபோனதும், லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எழுதத் தொடங்கினார். மற்றவர்கள் எழுதியதைச் சேர்ப்பதுதான் அவருடைய அன்றாட வேலை. கெர்னலில் ஒவ்வொரு பதிப்புக்குப் பிறகும் சுமார் இரண்டு வாரம் புது மாற்றங்களைச் சேர்ப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் தன் கைக்குச் செய்துகொண்ட கருவி இது. கெர்னல் வரலாற்றில் 66 பெற்றோர் கொண்ட, அதாவது 66 முனைகளை ஒரேயடியாகச் சேர்த்த, ஒரு மெர்ஜ் கமிட்டே இருக்கிறது. நமக்கு இரண்டே போதும்.

சேர்ப்பதற்கு முன்

மூன்று விஷயம். முதலில் 'கிட் ஸ்டேட்டஸ்' பாருங்கள். கமிட் ஆகாத மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கமிட் செய்யுங்கள், இல்லையேல் 'கிட் ஸ்டாஷ்' போட்டு ஒதுக்கி வையுங்கள். பாதி வேலையை மேஜையில் பரப்பிவிட்டு மெர்ஜ் தொடங்கினால், நடுவில் நிறுத்திப் பின்வாங்கும்போது அந்தப் பாதி வேலை முழுதாகத் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது, எந்தக் கிளையில் நிற்கிறீர்கள்? மெர்ஜ் எப்போதும் 'அதை இங்கே கொண்டு வா' என்ற கட்டளை. மாற்றம் வந்து சேர வேண்டிய கிளையில் நின்றுகொண்டு, எங்கிருந்து வர வேண்டுமோ அந்தக் கிளையின் பெயரைச் சொல்ல வேண்டும். புதியவர்கள் அடிக்கடி தலைகீழாகச் செய்வது இதைத்தான். மெயினுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் மெயினில் நில்லுங்கள். குழுவாக வேலை செய்தால், 'கிட் புல்' செய்து மெயினைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். புல் என்பதும் உள்ளுக்குள், சர்வரிலிருந்து எடுத்து மெர்ஜ் செய்வதுதான்.

மூன்றாவது, என்ன வரப்போகிறது என்று எட்டிப் பாருங்கள்:

கிட் லாக் மெயின்..மாலை-மெனு
கிட் டிஃப் மெயின்...மாலை-மெனு

முதலாவதில் இரண்டு புள்ளி: மாலைக் கிளையில் இருக்கிற, ஆனால் மெயினில் இல்லாத கமிட்கள் வரும். இரண்டாவதில் மூன்று புள்ளி: கிளை பிரிந்த இடத்திலிருந்து மாலைக் கிளையில் மாறியவை மட்டும் வரும். டிஃபில் இரண்டு புள்ளி போட்டால், மெயினில் ஏறிய இட்லி விலைகூட மாலைக் கிளைக்காரர் குறைத்தது மாதிரித் தெரியும். புள்ளிக் கணக்கில் நானும் பல நாள் குழம்பியிருக்கிறேன்.

சேர்க்கலாம்

கிட் மெர்ஜ் மாலை-மெனு

மெயினில் விலையை மாற்றாமலே இருந்திருந்தால் இந்த இடத்தில் 'ஃபாஸ்ட்-ஃபார்வர்டு' என்று வந்து முடிந்திருக்கும். மெயின் நகராமல் நின்ற இடத்திலேயே நின்றதால், அதன் அடையாளத்தை மாலைக் கிளையின் நுனிக்கு நகர்த்தினால் போதும். சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை, புது கமிட்டும் விழாது. ஒரு கிளை வந்து சேர்ந்ததன் அடையாளம் வரலாற்றில் வேண்டும் என்றால் '--நோ-எஃப்எஃப்' சேர்த்துக்கொள்ளலாம்.

நாம் இரண்டு பக்கமும் மாற்றியிருக்கிறோம். அதனால் திரையில், மெனு ஃபைலில் மோதல், தானியங்கி மெர்ஜ் தோற்றது, சரிசெய்து கமிட் செய்யவும் என்ற பொருளில் மூன்று வரி ஆங்கிலம் வரும். 'தோற்றது' என்ற அந்தச் சொல்தான் எல்லாரையும் பயமுறுத்துகிறது. கிட் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது, பதில் வரும்வரை காத்திருக்கிறது. மெர்ஜ் பாதியில் நிற்கிறது, எதுவும் உடையவில்லை. 'கிட் ஸ்டேட்டஸ்' அடித்தால் எந்த ஃபைலில் கேள்வி என்று காட்டும். மெனுவைத் திறந்தால்:

இட்லி 2 – 24
தோசை – 40
பொங்கல் – 45
மெதுவடை – 12
<<<<<<< ஹெட்
காபி – 20
=======
ஃபில்டர் காபி – 18
பஜ்ஜி – 15
சுண்டல் – 25
>>>>>>> மாலை-மெனு

இட்லி தானாகவே 24 ஆகிவிட்டது, பாருங்கள். கேள்வி கீழே மட்டும்தான். 'ஹெட்' என்ற பக்கம் நீங்கள் நிற்கும் கிளை, அதாவது மெயின். சமக்குறிகளுக்குக் கீழே இருப்பது வந்துகொண்டிருக்கும் கிளை.

எடிட்டரில் இந்த இடத்தில் மூன்று பொத்தான்கள் மின்னும். அழுத்தாமல் மனதுக்குள் அழுத்திப் பாருங்கள். மேல்பக்கத்தை ஏற்றால் பஜ்ஜியும் சுண்டலும் காலி. கீழ்ப்பக்கத்தை ஏற்றால் காபி பழைய விலைக்கு இறங்கிவிடும். இரண்டையும் ஏற்றால் மெனுவில் இரண்டு காபி, இரண்டு விலை. மூன்று பொத்தானும் தப்பு. அன்று நான் அழுத்திய பொத்தான் இரண்டாவது.

சரியான பதிலுக்கு மூதாதையைப் பார்க்க வேண்டும். ஆனால் கிட் வழக்கமாக அதைக் காட்டுவதில்லை. ஏன் காட்டுவதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். இதைத் தட்டிவிடுங்கள்:

கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் டிஃப்3

(2022-இல் வந்த 2.35 பதிப்போ அதற்குப் பிந்தையதோ என்றால், 'இசட்டிஃப்3' என்று கொடுக்கலாம். இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும் தொடக்க, முடிவு வரிகளை அது மோதலுக்கு வெளியே தள்ளிவிடும்.) இனி வரும் மோதல்கள் எல்லாம் இப்படி இருக்கும். இப்போது நடுவில் நிற்கும் மோதலையும் புது வடிவில் பார்க்க, 'கிட் செக்கவுட் -எம் மெனு' என்று தட்டுங்கள். ஃபைலை எடிட் செய்து குழப்பிவிட்டாலும் இதே கட்டளை மோதலை முதலிலிருந்து எழுதித் தரும். நீங்கள் எடிட் செய்தது மட்டும் போய்விடும்.

<<<<<<< ஹெட்
காபி – 20
||||||| 
காபி – 18
=======
ஃபில்டர் காபி – 18
பஜ்ஜி – 15
சுண்டல் – 25
>>>>>>> மாலை-மெனு

நடுவில் புதிதாக வந்த 'காபி – 18' தான் மூதாதை. (நின்ற கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு அடையாளக் குறியும் இருக்கும். 'செக்கவுட் -எம்' எழுதித் தந்த வடிவில் ஹெட், மாலை-மெனு என்பவற்றுக்குப் பதிலாக 'அவர்ஸ்', 'தேர்ஸ்' என்று இருக்கும். பொருட்படுத்த வேண்டாம்.) படிக்கும் முறை இது: நடுவிலிருந்து மேலே போங்கள், 18 என்பது 20 ஆனது, விலையை மாற்றினார்கள். நடுவிலிருந்து கீழே போங்கள், காபி ஃபில்டர் காபி ஆனது, இரண்டு பண்டம் சேர்ந்தது, விலையைத் தொடவில்லை. இரண்டு பேரின் எண்ணமும் தெரிந்துவிட்டது. இரண்டையும் நிறைவேற்றும் வரிகள்:

ஃபில்டர் காபி – 20
பஜ்ஜி – 15
சுண்டல் – 25

'ஃபில்டர் காபி – 20' என்ற வரி எந்தக் கிளையிலும் இல்லாதது, நீங்கள் எழுதியது. மோதலைத் தீர்ப்பது பெரும்பாலும் இப்படி மூன்றாவதாக ஒன்றை எழுதுவதுதான். எண்ணம் புரியவில்லை என்றால் எழுதியவரையே கேளுங்கள். ஐந்து நிமிடப் பேச்சு.

குறிகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டீர்களா என்று பார்க்க 'கிட் டிஃப் --செக்' அடியுங்கள். மிச்சமிருந்தால் சொல்லும். அழிக்காமலே ஆட் செய்து கமிட் செய்தாலும் கிட் தானாகத் தடுக்காது. வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் ஏழு சமக்குறி வரிசையாக நின்ற கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அப்புறம்:

கிட் ஆட் மெனு
கிட் கமிட்

'-எம்' போடாமல் கமிட் அடித்தால் செய்தி எழுத ஒரு எடிட்டர் திறக்கும். பல கணினிகளில் அது விம். உள்ளே மாட்டிக்கொண்டு டெர்மினலையே மூடியவர்கள் ஏராளம். எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, அதையடுத்துச் சின்ன டபிள்யூ, கியூ, என்டர். சேமித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். செய்தியை கிட்டே எழுதி வைத்திருக்கும். மோதலை எப்படித் தீர்த்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவர் உங்களை வாழ்த்துவார்.

கிட் லாக் --ஒன்லைன் --கிராஃப்

இதில் இரண்டு கோடுகள் பிரிந்து மறுபடி ஒன்றாகும் படம் தெரியும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்

சில சமயம் மோதலின் மேலும் கீழும் அச்சு அசல் ஒரே வரி இருக்கும். கண்ணை எவ்வளவு கசக்கினாலும் வித்தியாசம் தெரியாது.

பெரும்பாலும் வரி முடிவுதான் காரணம். விண்டோஸ் ஒரு வரியை இரண்டு குறிகளால் முடிக்கும், லினக்ஸும் மேக்கும் ஒன்றால். யாரோ ஒருவரின் எடிட்டர் மொத்த ஃபைலையும் மாற்றிச் சேமித்திருக்கும். 'கிட் மெர்ஜ் -எக்ஸ் இக்னோர்-ஸ்பேஸ்-அட்-இஓஎல்' என்று, எக்ஸைப் பெரிய எழுத்தில் போட்டு, கிளைப் பெயரோடு மறுபடி செய்தால் அந்த மோதல்கள் கரைந்துவிடும். (நடுவில் நிற்கும் மெர்ஜை முதலில் கைவிட வேண்டும், அதற்கான கட்டளை பின்னால் வருகிறது.)

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மெனுவில் பொங்கல் இருக்கிறதே, அந்த 'பொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே எழுத்தாகப் போடலாம். இல்லையென்றால் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். யூனிகோடும் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் ஃபைலில் அந்தக் குறி ஒரு விதத்தில் 3 பைட், இன்னொரு விதத்தில் 6 பைட். கிட் பைட்டுகளைத்தான் பார்க்கிறது. ஃபைலுக்குள் இருக்கும் இந்த இரண்டு வடிவத்தையும் அது தானாக ஒன்றாக்காது. ஒருவர் தட்டச்சு செய்து, இன்னொருவர் பழைய எழுத்துரு மாற்றியிலிருந்து ஒட்டினால் போதும், பொங்கலும் தோசையும் மோதத் தொடங்கிவிடும். மொழிபெயர்ப்பு ஃபைல்களில் இதைத் தேடி ஒரு முழு மதியம் போயிருக்கிறது எனக்கு. சந்தேகம் வந்தால் அந்த வரியின் பைட்டுகளைப் பாருங்கள். குழுவில் எல்லாரும் சேர்ந்த வடிவத்திலேயே, அதாவது என்எஃப்சி வடிவத்திலேயே, எழுதுவது என்று முடிவு செய்துவிட்டால் தொல்லை தீரும்.

மோதல் வராமல் சேர்ந்தவை

காம்போ ஃபைலை மறக்க வேண்டாம் என்றேன். மெயினில் அப்படியொரு ஃபைலே இல்லாததால் அது சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது. திறந்து பாருங்கள்: 'இட்லி 2 + காபி – 35'. இப்போது இட்லி 24, காபி 20, தனியாக வாங்கினால் 44. மூன்று ரூபாய் தள்ளுபடி ஒன்பது ரூபாய் ஆகிவிட்டது. மாலைக் கிளையில் அந்தக் கணக்கு சரி. மெயினில் விலையேற்றமும் சரி. சேர்ந்த பிறகு தப்பு. கிட் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதற்குத் தெரிந்தது வரிகள், இட்லி விலை அல்ல.

கோடில் இது நடக்கும் விதம்: ஒரு கிளையில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி, அதைக் கூப்பிடும் எல்லா இடத்தையும் திருத்தியிருப்பார்கள். இன்னொரு கிளையில், அதே நாளில், பழைய பெயரில் அதைக் கூப்பிடும் புது ஃபைல் ஒன்று எழுதியிருப்பார்கள். மெர்ஜ் வழுக்கிக்கொண்டு போகும். ஓட்டினால் விழும். விழுந்தால்கூட அதிர்ஷ்டம்தான், தவறான தொகையோடு ஓடிக்கொண்டே இருப்பதுதான் மோசம்.

எனவே மெர்ஜ் முடிந்ததும், மோதல் வந்ததோ இல்லையோ, டெஸ்டுகளை ஓட்டுங்கள். டெஸ்ட் இல்லாத திட்டம் என்றால் ஓட்டிப் பார்த்துக் கையாலாவது தொட்டுப் பாருங்கள். முதல் பெற்றோரோடு ஒப்பிட்டு என்ன வந்திருக்கிறது என்று படிக்க 'கிட் டிஃப் ஹெட்^1 ஹெட்' உதவும். மோதல் வந்த இடத்தை நாம் ஐந்து முறை பார்க்கிறோம். வராத இடத்தை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

காம்போவை 41 என்று திருத்தித் தனி கமிட்டாகப் போடுங்கள்.

பின்வாங்குவது

மோதலுக்கு நடுவில் தலை சுற்றினால்:

கிட் மெர்ஜ் --அபார்ட்

மெர்ஜ் தொடங்குவதற்கு முன் இருந்த இடத்துக்குப் போய்விடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய மெர்ஜ்களை நான் முதல் முறை வெறுமனே பார்ப்பதற்காகச் செய்து, அபார்ட் செய்து, எழுதியவர்களிடம் பேசிவிட்டு வந்து இரண்டாவது முறை செய்வதுண்டு.

மெர்ஜ் கமிட் விழுந்துவிட்டது, இன்னும் புஷ் செய்யவில்லை (சர்வருக்கு அனுப்பவில்லை), அதற்குப் பிறகு வேறு கமிட்டும் போடவில்லை என்றால்:

கிட் ரீசெட் --மெர்ஜ் ஒரிஜ்_ஹெட்

மெர்ஜ் செய்வதற்கு முன் கிளை எங்கே நின்றது என்பதை கிட் 'ஒரிஜ்_ஹெட்' என்ற பெயரில் குறித்து வைக்கும். (நம் கடையில் காம்போவைத் திருத்தி ஒரு கமிட் போட்டுவிட்டோம், இப்போது இதை அடித்தால் அந்தத் திருத்தமும் சேர்ந்து போய்விடும்.) பல இடங்களில் '--ஹார்ட்' என்று எழுதியிருப்பார்கள், அது கமிட் ஆகாத மாற்றங்களையும் துடைத்துவிடும் என்பதால் இது மேல். எதையோ செய்து எல்லாம் போயிற்று என்று தோன்றினால் 'கிட் ரெஃப்லாக்' பாருங்கள். கிளை நுனி நின்ற ஒவ்வொரு இடமும் அதில் இருக்கும். எந்தக் கிளையிலும் சேராமல் தொங்கும் கமிட்டைக்கூட வழக்கமான அமைப்பில் 30 நாள் வரை அதிலிருந்து மீட்கலாம். என் பக்கத்து இருக்கைக்காரர் எழுதியது கிடைத்ததைப் போல, கமிட் செய்த எதுவும் கிட்டில் அவ்வளவு சீக்கிரம் தொலையாது. கமிட் செய்யாததுதான் தொலையும்.

புஷ் செய்துவிட்டால் ரீசெட்டைத் தொடாதீர்கள். மற்றவர்கள் அதை எடுத்திருப்பார்கள். அப்போது:

கிட் ரிவர்ட் -எம் 1

என்று தட்டி, கூடவே மெர்ஜ் கமிட்டின் குறியெண். '1' என்றால் முதல் பெற்றோர், அதாவது மெர்ஜ் செய்தபோது நீங்கள் நின்ற கிளை. அதன் நிலைக்குத் திரும்பும்படி எதிர்மாற்றம் ஒன்று கமிட் ஆகும். இதில் ஒரு பொறி உண்டு. பிறகு மாலைக் கிளையைத் திருத்தி மறுபடி மெர்ஜ் செய்தால், பழைய பஜ்ஜியும் சுண்டலும் வராது! அந்தக் கமிட்கள் ஏற்கெனவே சேர்ந்தவை என்று கிட் கணக்கில் இருக்கிறது. புதிதாகத் திருத்தியது மட்டும் வரும். முதலில் அந்த ரிவர்ட் கமிட்டையே ரிவர்ட் செய்துவிட்டு அப்புறம் மெர்ஜ் செய்ய வேண்டும்.

ரீபேஸும் ஸ்குவாஷும்

கிட் திட்டங்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் புல் ரெக்வஸ்டை, அதாவது 'என் கிளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கையை, ஏற்கப் போனால் மூன்று வழி காட்டும்: மெர்ஜ் கமிட், ஸ்குவாஷ், ரீபேஸ். மெர்ஜைப் பார்த்துவிட்டோம். ஸ்குவாஷ், கிளையின் எல்லா கமிட்டையும் ஒரே கமிட்டாகப் பிழிந்து மெயினில் வைக்கும். 'திருத்தம்', 'இன்னொரு திருத்தம்', 'கடைசித் திருத்தம்' என்று பதினைந்து கமிட் போடுபவர்களுக்கு (நானும்தான்) இது பொருத்தம். ரீபேஸ், உங்கள் கமிட்களை மெயினின் நுனியிலிருந்து செய்தது போல மறுபடி எழுதும். வரலாறு ஒரே நேர்க்கோடாக அழகாக இருக்கும். ஆனால் கமிட்கள் புதியவை, பழையவை அல்ல. வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாத, உங்களுடைய சொந்தக் கிளையில் மட்டும் செய்யுங்கள். ரீபேஸில் மோதல் வந்தால் பக்கங்கள் இடம் மாறியிருக்கும்: 'ஹெட்' என்பது மெயின் பக்கம், கீழே இருப்பது உங்கள் கமிட். முதல் மூன்று மாதம் மெர்ஜோடு இருங்கள் என்பேன். குழுவில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கடைசியாக, வேலை முடிந்த கிளையை அழிப்பது:

கிட் பிராஞ்ச் -டி மாலை-மெனு

சின்ன எழுத்து டி. இன்னும் சேராத கமிட் அந்தக் கிளையில் இருந்தால் கிட் மறுத்துவிடும். பெரிய எழுத்து டி போட்டால் கேள்வி கேட்காமல் அழிக்கும். ஸ்குவாஷ் செய்த கிளையிலும் சின்ன டி மறுக்கக்கூடும், ஏனென்றால் பிழிந்த கமிட் வேறு, பழைய கமிட்கள் வேறு. உள்ளடக்கம் மெயினில் வந்துவிட்டது என்று டிஃபில் பார்த்துவிட்டு அப்போது மட்டும் பெரிய டி போடுங்கள்.